நாத்தனார் வீட்டுக்கு ஒரு பாலம்

...அதுவும் விரிசல்தான் தம்பி, எழுதிக்குங்க. என்னது, பெயிண்ட் உரிஞ்சிருக்கா? பெயிண்ட் ஏன் உரியுது? உள்ள சுவர் ஆடுது, அதான் உரியுது! நீங்க உள்ள வந்ததுலேருந்து எதைக் காட்டினாலும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. விரிசல் பார்க்கத்தானே உங்களை அனுப்பியிருக்காங்க? அப்புறம் விரிசலைக் காட்டினா ஏன் கசக்குது?

தம்பின்னு கூப்பிடறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்த மஞ்சத் தொப்பியைக் கழட்டினப்பவே பார்த்தேன், காதோரம் நரை வந்தாச்சு. இருந்தாலும் ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு என் வீட்டுக்குள்ள வர்றவங்க எல்லாருமே எனக்குத் தம்பிதான். ஐயையோ, ஏணியை அங்க சாய்க்காதீங்க! அது தையல் மெஷின். அந்த நீலக் கோட்டு மேல படக்கூடாது, நாளைக்கு ஒருத்தர் கல்யாணத்துக்குப் போட்டுக்கணும். கல்யாண மாப்பிள்ளையே அவர்தான். அளவு குடுத்தப்ப ஒல்லியா இருந்தாரு, கல்யாணம் நிச்சயமானதுலேருந்து வீடு வீடா விருந்து சாப்பிட்டு எப்படி ஆயிட்டாருங்கறீங்க! ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டிருக்கேன். இன்னும் ஒரு விருந்து சாப்பிட்டாருன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, முதுகுல ஜன்னல்தான் வைக்கணும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பாலம்.

கீழ சைக்கிள் கடை வச்சிருக்காரே, அவர்தான் சொன்னாரு. "அக்கா, பாலத்தை இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கரையிலயும் வீடு வீடா வந்து சுவரைப் பார்ப்பாங்க. விரிசல் நெறைய இருந்துச்சுன்னா வேலையை அப்படியே நிறுத்திடுவாங்க"ன்னாரு. எனக்கு எவ்ளோ கவலையாப் போச்சு தெரியுமா! ...ஏன் அப்படிப் பார்க்கறீங்க? கவலைதான். சிரிச்ச மாதிரி இருந்தா அது என் மூஞ்சியோட அமைப்பு.

ஊருக்கு நல்லது வந்தா வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். ஆத்தங்கரையைப் புதுசாக்கறோம்னாங்க, சரின்னேன். பழைய கிடங்கையெல்லாம் இடிச்சாங்க, வீடு பூரா தூசி, சரின்னேன். நடைபாதைக்குக் கல்லு பதிச்சாங்க, பெஞ்சு போட்டாங்க, தொட்டியில செடி வச்சாங்க. விளக்குக் கம்பம் ஒண்ணு நட்டாங்க பாருங்க, என் ஜன்னலுக்கு நேரா! அப்பவும் நான் வாயைத் திறக்கலையே? ...திறந்தேன். கொஞ்சமாத் திறந்தேன். அதுவும் கம்பம் நட்ட ஆள் காதுல விழாத மாதிரி அவர் பக்கத்துல நின்னுதான் திட்டினேன்.

ஆனா பாலம் மட்டும் இங்க வேணாம் தம்பி. வேற எங்கயாவது போடட்டும். ஆறு என்ன குட்டையா? அந்த முனைக்கும் இந்த முனைக்கும் எவ்ளோ தூரம் ஓடுது! அத்தனை இடத்தையும் விட்டுட்டு, அந்தக் கரையில பச்சைக் கதவு வீட்டுலேருந்து இந்தக் கரையில என் வீட்டு வாசல்படி வரைக்கும் கோடு போட்ட மாதிரி வருது.

பச்சைக் கதவு வீடு யாருதுன்னு கேக்க மாட்டீங்களா? கேக்கலைன்னாலும் சொல்றேன். என் நாத்தனார் வீடு. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. நல்ல பொண்ணு. நல்ல பொண்ணுன்னா, தங்கமான பொண்ணு. நடுவுல ஒரு ஆறு இருக்கற வரைக்கும்.

இங்க வாங்க, இந்த ஜன்னல் கிட்ட நின்னு பாருங்க. நேரா... அந்த வெள்ளை ஜன்னல். தெரியுதா? காலையில நான் இங்க கை ஆட்டுவேன், அவ அங்க கை ஆட்டுவா. அப்புறம் ஃபோன் எடுப்போம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே ஃபோன்ல பேசுவோம். "அண்ணீ, இன்னிக்கு என்ன கலர்ல போட்டிருக்கீங்க, பளிச்சுன்னு தெரியுது"ம்பா. நேர்ல வரணும்னா ரெண்டு பஸ் மாறி, பெரிய பாலத்தைச் சுத்தி வரணும். அதனால அடிக்கடி யாரும் வர்றதில்ல, யாரும் போறதில்ல. எவ்ளோ ஒத்துமை!

ஒரே ஒரு கஷ்டம்தான். பொய் சொல்ல முடியாது. ஒருநாள் அவகிட்ட பேச நேரமில்ல, வேலை குவிஞ்சு கெடக்கு. "நான் வெளியூர்ல இருக்கேன் கண்ணு"ன்னுட்டேன். சொன்னப்புறம்தான் பார்க்கறேன், ஜன்னல்ல நிக்கறேன்! அப்படியே தரையில உக்காந்துட்டேன். அன்னிக்குப் பூரா இந்த வீட்டுல தவழ்ந்தே வேலை பார்த்தேன் தம்பி. எங்க வீட்டுக்காரர் வந்து, "என்ன தேடறே, ஊசியா?"ன்னு கேட்டு அவரும் குனிஞ்சு தேட ஆரம்பிச்சுட்டாரு. பாவம், இருட்டற வரைக்கும் தேடினாரு. நானும் ஊசி கெடைச்சாச்சுன்னு சொல்லலை. சொன்னா எந்திரிக்கச் சொல்லுவாரு.

மேல பாருங்க, மேல! அந்த மூலையில, கூரையில. கறுப்பா ஒண்ணு நீளமா ஓடுது பாருங்க. அதுதான் இந்த வீட்டுலயே பெரிய விரிசல். ஃபோட்டோ எடுத்துக்குங்க. தொடாதீங்க தம்பி! தொட்டா... இடிஞ்சிடும். கண்ணால பாருங்க போதும். நேரா இருக்கா? சில விரிசல் நேராத்தான் விடும், வளர்ப்பு அப்படி. முனையில முடிச்சு மாதிரி தெரியுதா? அது... அதுதான் விரிசல் முடியற இடம். எடுத்தாச்சா? ரொம்ப நல்லது. எறங்குங்க, எறங்குங்க.

இவ்ளோ நல்ல பொண்ணு வந்தா உங்களுக்கு என்னன்னு கேப்பீங்க. சொல்றேன். அவ ஆஸ்பத்திரியில ஸ்டோர் பார்க்கறா. பஞ்சு, மாத்திரை, கட்டுத்துணி எல்லாம் அடுக்கி, லேபிள் ஒட்டி வைக்கற வேலை. அந்தக் கை சும்மா இருக்காது. கடைசியா இங்க வந்து தங்கினப்ப என்ன பண்ணா தெரியுமா? அந்த அலமாரியில எனக்குச் சின்னச் சின்ன டப்பா நெறைய இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொருத்தர் பட்டன். வாத்தியார் சட்டைப் பட்டன் ஒண்ணுல, பல் டாக்டர் கோட்டுப் பட்டன் ஒண்ணுல. யாருக்கு அறுந்து விழுந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன். நான் துணி வாங்கக் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, எல்லாத்தையும் ஒரே கண்ணாடிச் சாடியில கொட்டி, வெளிய "பட்டன்"னு லேபிள் ஒட்டிட்டா! "அழகா இருக்குல்ல அண்ணி?"ங்கறா. நானும், "ஐயோ, எவ்ளோ அழகு!"ன்னேன். பின்ன என்ன சொல்றது, வீட்டுக்கு வந்த பொண்ணுகிட்ட? அந்த வாரம் பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு, நெஞ்சுல யானை படம் போட்ட குழந்தைப் பட்டனோட போனாரு. இன்னிக்கு வரைக்கும் அவர்கிட்ட பல்லைக் காட்ட எனக்குப் பயமா இருக்கு.

இப்ப நெனச்சுப் பாருங்க. பாலம் வந்துச்சுன்னா அவ காலையில வருவா, சாயங்காலம் வருவா, மறந்துட்டுப் போன குடைக்கு ஒருதடவை வருவா. என் நூல்கண்டுக்கெல்லாம் லேபிள் ஒட்டுவா. "கறுப்பு". "கறுப்பு". "இன்னொரு கறுப்பு".

எங்க வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. பாலத்துல நடக்கறதுக்குன்னு இந்த வராந்தாவுல இப்பவே நடந்து பழகறாரு, நடுவுல நின்னு எட்டிப் பார்த்துத் தண்ணியை ரசிக்கற மாதிரி வேற பண்றாரு. கீழ என் செருப்புதான் இருக்கு. அதையே ரசிக்கறாரு.

என்ன தம்பி, என்னையே அப்படிப் பார்க்கறீங்க? எங்கயோ பார்த்த மூஞ்சி மாதிரி இருக்கா? இருக்காது. தெருமுனையில பெரிய போர்டா? எந்த போர்டு? ...அதுல கட்டிப்பிடிச்சு அழுதுக்கிட்டு இருக்காங்களே ரெண்டு பொம்பளைங்க, அதுல இடது பக்கம் இருக்கறது நான் இல்ல. வலது பக்கமா? வலது பக்கம்... அது... சரி, நான்தான். அந்த ஃபோட்டோவுல மூக்கு பெருசா விழுந்திருச்சு, அதான் அடையாளம் தெரியாதுன்னு நெனச்சேன்.

கேளுங்க, அது எப்படி நடந்துச்சுன்னு. தப்பு என் மேல இல்ல. கொஞ்சம்கூட இல்ல.

நாம எல்லாரும் பேசறதுதானே தம்பி? ஃபோனை வைக்கறப்ப ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். "இந்த ஆறு மட்டும் குறுக்க இல்லைன்னா தினமும் உன் வீட்டுலயே இருப்பேன் கண்ணு." அவளும் சொல்லுவா: "எனக்கும் அதே ஏக்கம்தான் அண்ணி, ஆறுதான் பிரிச்சு வச்சிருக்கு." சொல்லிட்டு ரெண்டு பேரும் நிம்மதியா ஃபோனை வச்சுட்டுப் போயி வேலையைப் பார்ப்போம். ஆத்து மேல பழியைப் போட்டா ஆறு வந்து சண்டையா போடப் போகுது?

அந்த நேரத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. பாலம் எங்க வேணும்னு ஜனங்க சொல்லலாம்னு. நடுவுல ஒரு மேஜை, அது மேல அட்டையில ஊரையே செஞ்சு வச்சிருந்தாங்க. நீலக் காகிதத்துல ஆறு, தீப்பெட்டி மாதிரி வீடு, பஞ்சு மரம். பாலம் எங்கயோ தள்ளி, மீன் கிடங்கு பக்கத்துல நின்னுச்சு. ரொம்பப் பொருத்தமான இடம்! நானும் டீயைக் குடிச்சுட்டுக் கெளம்பலாம்னு இருந்தேன்.

அப்பப் பார்த்து யாரோ நாத்தனார் கையில மைக்கைக் குடுத்துட்டாங்க. அவளுக்குக் கூட்டத்தைப் பார்த்தா நாக்கு குழறும். ஏதாவது சொல்லணுமே, "எங்க அண்ணி தினமும் சொல்லுவாங்க"ன்னு ஆரம்பிச்சுட்டா. முழுசையும் சொன்னா. ஏக்கம், பிரிவு, ஜன்னல், கை ஆட்டறது... சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை வந்துருச்சு. பாலத்தை வரைஞ்ச அம்மா, வட்டக் கண்ணாடி போட்டவங்க, கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்து, "நிஜமாவாம்மா?"ன்னாங்க.

அந்தக் கூட்டமே திரும்பிப் பார்க்குது. எங்க வீட்டுக்காரர் முன்வரிசையில மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? "இல்லம்மா, சும்மா சொன்னேன்"னா? நானும் அழுதேன். அழறதுன்னு ஆரம்பிச்சப்புறம் அரைகுறையா அழ முடியுமா? ஓடிப்போயிக் கட்டிப்பிடிச்சேன். கையைத் தட்டினாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க. அந்த வட்டக் கண்ணாடியம்மா மேஜைக்குப் போயி, மீன் கிடங்கு பக்கத்துலேருந்து பாலத்தை ரெண்டு விரலால தூக்கி, சீப்பை எடுத்து வைக்கற மாதிரி, எங்க ரெண்டு தீப்பெட்டிக்கும் நடுவுல வச்சுட்டாங்க. அவ்வளவுதான். முடிஞ்சு போச்சு என் வாழ்க்கை.

நானாவது சும்மா இருந்திருக்கலாம். கையைத் தட்டறாங்களே, ஏதாவது சொல்லணும்னு தோணுச்சு. "நடுவுல உக்காந்து பேச ஒரு பெஞ்சும் போடுங்க"ன்னேன். அதையும் போட்டுட்டாங்க.

ஊதுது பாருங்க... கேட்டுச்சா? வந்துருச்சு! ஐயோ, இவ்ளோ பெருசா? வெளிய எங்கயோ செஞ்சு, மிதவையில வச்சு, முழுசாவே கொண்டுவந்துட்டாங்களே! முன்னாடி ரெண்டு குட்டிப் படகு இழுக்குது பாருங்க, சின்னப் பசங்க தாத்தாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற மாதிரி. கரையெல்லாம் ஜனம். அதோ எங்க வீட்டுக்காரர், குடையை ஆட்டறாரு. அது பாலம்யா, உங்களுக்குப் பதிலுக்குக் கை ஆட்டாது!

நாளைக்குத் தூக்கி வச்சுடுவாங்களா? அப்ப சீக்கிரம் வாங்க தம்பி, இந்தப் பக்கம் இன்னும் ஒண்ணு காட்டணும். இதோ, கதவுக்குப் பின்னாடி. நீலமா... விரலால தேய்க்காதீங்க! ...தேய்ச்சுட்டீங்களா. அழிஞ்சு போச்சா. அது... துணியில அளவு போடற சாக். சுவர்ல சாய்ஞ்சு யோசிக்கறப்ப கை தானா கோடு போட்டிருக்கும். ஓரத்துல அரை இஞ்ச் தள்ளி இன்னொரு கோடும் இருக்கா? அது தையலுக்கு விடற இடம். பழக்கம் தம்பி, கை கேக்காது. சரி, இதை விட்டுடுங்க. கூரையில இருக்கறது மட்டும் நெசம்.

இருங்க. இருங்க இருங்க. ஜன்னல் வழியா பாருங்க. நாத்தனார் வீட்டுல யாரோ ஏணி மேல நிக்கறாங்க. மஞ்சத் தொப்பி! உங்க ஆளா? அவர் எதுக்குக் கூரையைப் பார்க்கறாரு? அவ பக்கத்துல நின்னு... கையைக் காட்டறா. அங்க காட்டறா. இங்க காட்டறா. இப்பத் தரையில காட்டறா! அவர் தலையை ஆட்டறாரு, நீங்க ஆட்டற அதே மாதிரி!

அடிப்பாவி.

பார்த்தீங்களா தம்பி? விரிசல் காட்டறா! போன வருஷம்தான் அந்த வீட்டுக்குப் பூச்சு பூசினாங்க, முட்டை ஓடு மாதிரி இருக்கும், அதுல எங்கேருந்து வந்துச்சு விரிசல்? எதுக்குக் காட்டறா? பாலத்தை நிறுத்தத்தான்! நான் வந்துடக்கூடாதுன்னு! நான்! கூட்டத்துல அவளுக்காகப் பெஞ்சு கேட்டவ! நான் போனா இவளுக்கு என்ன கொறைஞ்சு போகும்? நான் யார் வீட்டுக்குப் போயி என்ன கெடுதல் பண்ணேன்? இதுக்காகவே போறேன். பாலத்தைத் திறந்ததும் முதல் ஆளா போறேன், பெட்டியோட! ஃபோன் எங்க? அந்தக் கோட்டுக்கு அடியில பாருங்க. குடுங்க இங்க.

ஹலோ? ஆங், நான்தான். ஜன்னலுக்கு வா. வான்னா வா. யாரது ஏணி மேல? ...ஃபேன் ரிப்பேரா? ஃபேனைத் தரையில தேடறாரா? மஞ்சத் தொப்பி எதுக்கு, ஃபேன் மேல விழுந்துடுமா? ...என்னது, எங்க வீட்டுலயா? இங்க யாரும் இல்லையே. எந்த ஏணி? (தம்பி, கொஞ்சம் குனிங்க.) ...இல்லம்மா, அது... எங்க வீட்டுலயும் ஃபேன்தான்.

...

ஹலோ? இருக்கியா?

...சரி. எத்தனை? ...அஞ்சா! எனக்கு மூணுதான். எதுல வரைஞ்சே? ...மருந்துக்கு எழுதற பேனாவா, அது அழியாதே! ...என்ன? சத்தமா சொல்லு, படகு ஊதுது... லேபிள் வேற ஒட்டியிருக்கியா! "விரிசல் ஒண்ணு", "விரிசல் ரெண்டு"ன்னா! ஐயோ... ஐயோ, வயிறு வலிக்குது... ஏண்டி, விரிசலுக்கு யாராவது லேபிள் ஒட்டுவாங்களா! அவர் என்ன சொன்னாரு? ..."கையெழுத்து நல்லாயிருக்கு"ன்னாரா!

இல்ல, நெசமா கேக்கறேன், நான் வந்தா உனக்கு என்ன? கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு. ...எந்தத் திரை? ...ஆமா, அங்க வந்து தங்கினப்ப ஜன்னல் திரை கோணலா இருந்துச்சு, கழட்டிக் கீழ மடிச்சு அடிச்சேன். ...அரை ஜன்னல்தான் மூடுதா? அப்பலேருந்து காலை வெயில் மூஞ்சியில அடிக்குதா? அடக் கடவுளே, "அழகா இருக்கு அண்ணி"ன்னு நீதானே சொன்னே! ...நானா? நான் எப்ப... ஆமா. பட்டனுக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். ...பிடிக்கலைடி! கொஞ்சம்கூடப் பிடிக்கலை! பல் டாக்டர் யானைப் பட்டனோட சுத்தினாரு! ...சிரிக்காதே. ...சரி, சிரி.

இத்தனை வருஷம் பேசியிருக்கோம், இப்படி ஒருநாளாவது பேசினோமா? இரு, இதெல்லாம் ஃபோன்ல பேசற விஷயமா? என்கிட்ட நல்ல கனமான துணி இருக்கு, உன் திரைக்கு அடியில ஒட்டுப் போட்டா வெயில் வராது. நீ வந்து அந்தச் சாடியைக் கொட்டு, ரெண்டு பேரும் உக்காந்து பிரிப்போம். வேணும்னா லேபிள் ஒட்டு, நான் சொல்றதை ஒட்டு. பாலம் எப்பத் திறக்கறாங்கன்னு கேட்டுச் சொல்றேன், ஆள் இங்கதான் இருக்காரு. தம்பி, பாலம் எப்ப...

தம்பி?

அட, ஏணியையும் காணோம். கதவு திறந்து கெடக்கு. கண்ணு, உன் வீட்டு ஆள் இருக்காரா பாரு. ...அவரும் போயிட்டாரா? ஐயையோ! என் கூரையை ஃபோட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே மனுஷன்! கொண்டுபோயிக் குடுத்தா நிறுத்திடுவாங்களே! ஃபோனை வை, வை! நீயும் ஓடு, உன் ஆளைப் பிடி!

தம்பீ! மேல பாருங்க, இங்க, ஜன்னல்ல! ஏணியோட ஓடாதீங்க, நில்லுங்க! அது விரிசல் இல்ல தம்பி! கறுப்பு நூல்! பசை போட்டு நான்தான் ஒட்டினேன்! எங்க வீட்டுச் சுவர் பாறை மாதிரி இருக்கு, ஒண்ணு இல்ல, ரெண்டு பாலம்கூடத் தாங்கும்! என்னங்க, குடையை ஆட்டினது போதும், அந்த மஞ்சத் தொப்பியைப் பிடிங்க! விடாதீங்க! உங்க தங்கச்சி வரணும்!